நின்ற தண்ணீரும் வராத தண்ணீரும்

குழாய் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். முழங்கால் ஒத்துவராததால் மூன்று வருஷத்துக்கு முன்னால் விட்டேன். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பைப்பை எப்படி வெட்டுவது, எந்தப் பசை எவ்வளவு நேரத்தில் காயும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனிலேயே பார்த்துவிடுகிறீர்கள். அதை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். அது தண்ணீரை நிறுத்துவதில் நடந்தது.

தண்ணீரை நிறுத்துவதை நாம் வேலையாகவே நினைப்பதில்லை. மாடிக்குப் போய் வால்வைத் திருகிவிட்டு வந்தபிறகு ஆரம்பிப்பதுதான் வேலை என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இருபத்தைந்து வருஷம் அதில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருந்ததை நான் அனுபவம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் தனபால், வசந்தா என்று ஒரு தம்பதி. இரண்டு பேரும் நெய்கிறவர்கள். கீழே தறி, மேலே குடியிருப்பு, அதற்கு மேல் மொட்டை மாடி. அவர்களுடையது குழித்தறி. தரையில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். தலைக்கு மேலே டிசைன் போடும் ஜக்காடு பெட்டி. பழைய அட்டை ஜக்காடை எடுத்துவிட்டுக் கரண்டில் ஓடும் பெட்டியை மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழ் அறையின் உயரம் போதவில்லை. அதனால் தளத்தைச் சதுரமாக உடைத்துத் திறந்துவிட்டு, மேல் வீட்டு ஹாலில் ஒரு பலகையைப் போட்டு மூடியிருந்தார்கள். குளியலறை வாசலிலிருந்து நாலடி தூரம்கூட இருக்காது. அந்தப் பலகையை மிதித்துக்கொண்டுதான் நான் உள்ளே போனேன். அது எதற்கு என்று கேட்கவில்லை.

குளியலறையில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய், நாம் மிக்சர் என்கிறோமே அது, கெட்டுப்போயிருந்தது. மாடியில் வெயிலில் தண்ணீரைச் சுடவைக்கும் சோலாரிலிருந்து வரும் சுடுதண்ணீர்ப் பக்கத்துத் திருகு உடைந்து, திறக்கவே வரவில்லை. அதை மாற்ற வேண்டும். சித்திரை மாதம், காலை பதினொரு மணி இருக்கும். தனபால் சரிகை வாங்க நெசவாளர் சொசைட்டிக்குப் போயிருந்தார். வசந்தா கீழே தறியில் உட்கார்ந்திருந்தார். வைகாசி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் புடவை. சந்தன நிற உடல், அரக்கு பார்டர். பாதிக்குமேல் நெய்தாகிவிட்டது.

என்னோடு வந்தவர் ஐயம்பேட்டை ஆரோக்கியம். என் வயதுதான். பதினெட்டு வருஷம் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். அவர் மாடிக்குப் போய் அங்கிருந்து போன் செய்தார்.

"செல்வம், தொட்டிக்கு அடியில பெரிய வால்வு ஒண்ணு இருக்குது. சோலார் பக்கம் இன்னும் ரெண்டு இருக்குது. எதை மூடட்டும்?"

"பெருசை மூடு. தொட்டி நின்னா எல்லாம் நின்னுடும்."

"சோலாருக்குத் தொட்டியில தனியா ஓட்டை போட்டு லைன் எடுத்திருக்கற மாதிரி தெரியுதுபா."

"பெருசை மூடினா போதும்பா. வெயில்ல நிக்காத, கீழ எறங்கு."

அவர்மேல் கரிசனம் காட்டியதாக அப்போது நினைத்தேன். உண்மையில் அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கேட்டவர் மாடியில் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதில் சொன்னவன் கீழே குளியலறையில் நிற்கிறான். யார் பேச்சு எடுபட்டது என்று பாருங்கள். நானும் அவரும் சமம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். ஆனால் வீட்டுக்காரர்கள் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் கடைசிப் பேச்சு என்னுடையதாகிவிட்டது.

அவர் பெரிய வால்வை மூடினார். நான் முகம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்தேன். கொஞ்சம் வழிந்தது, சொட்டியது, நின்றது. சமையலறைக்குப் போய் அங்கிருந்த சுடுதண்ணீர்க் குழாயையும் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. சரி, இரண்டும் நின்றுவிட்டது என்று முடிவுசெய்தேன். நட்டோ வாஷரோ விழுந்துவிடக் கூடாது என்று குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்தேன். இதை நீங்களும் செய்வீர்கள். எல்லோரும் செய்வதுதான்.

பச்சைத் தண்ணீர்ப் பக்கத்து நட்டைக் கழற்றினேன். ஒன்றும் வரவில்லை. சுடுதண்ணீர்ப் பக்கத்தில் ரெஞ்சைப் போட்டு அரைச் சுற்று திருகியதும் லேசாகக் கசிந்தது. பைப்பில் தங்கிய தண்ணீராக இருக்கும் என்று இன்னும் இரண்டு சுற்று விட்டேன். மிக்சர் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

சித்திரை வெயிலில் சோலார் தண்ணீர் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், நெஞ்சிலும் அடித்தது. வலி உடனே தெரியவில்லை. முதலில் குளிர்ந்ததுபோலத்தான் இருந்தது. உள்ளங்கையால் அடைக்கப் பார்த்தேன், வைக்க முடியவில்லை. மிக்சரைத் திரும்ப மாட்டப் பார்த்தேன், நட்டு பிடிக்கவில்லை. ஆவியில் கண் தெரியவில்லை. வெளியே போகலாம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. எதையாவது திருகிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்று கை நினைத்துக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியாக மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

"ஆரோக்கியம், சோலாரை மூடு."

நான் சொல்லியும் அவர் கீழே இறங்காமல் அங்கேயேதான் நின்றிருந்தார். அவருக்கு அந்த இரண்டு வால்வுகள்மேல் சந்தேகம் தீரவில்லை.

"சுடுதண்ணி வால்வு சுத்த மாட்டுது செல்வம். உப்பு புடிச்சுக்கினு இருக்குது."

"ரெஞ்சு போட்டுச் சுத்து."

"போட்டா கழுத்து உடைஞ்சிடும்பா. உடைஞ்சா அப்புறம் நிறுத்தவே முடியாது."

"உடைஞ்சா உடையட்டும், சுத்துயா."



துணியால் அடைத்த ஓட்டையில் தண்ணீர் போக வழியில்லை. குளியலறையில் கணுக்கால் அளவு ஏறியது. வாசற்படியைத் தாண்டி ஹாலுக்குப் போனது. அங்கே அந்தப் பலகை இருந்தது.

கீழே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். வசந்தா சொன்னபடி சொல்கிறேன். நெய்துகொண்டிருந்தவரின் கைமேல் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். ஜக்காடு பெட்டியின் விளிம்பில் தண்ணீர் கோத்து நின்றது. அடுத்த சொட்டு பாவின் மேல், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகளின் மேல், விழுந்தது. தறிக்குப் பக்கத்திலேயே, பாவை மூடிவைக்கும் பிளாஸ்டிக் தாள் மடித்து வைத்திருந்தது. கையை நீட்டினால் எட்டும். அதை அவர் எடுக்கவில்லை. குழியிலிருந்து காலை எடுத்தார், அறையை விட்டு வெளியே வந்தார், நடையில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். பிறகு படியேறி மேலே வந்தார்.

குளியலறையில் காற்றாடி நின்றதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். வசந்தா வாசலில் நின்றார். தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த துடைப்பக்கட்டையை எடுத்து, அதன் முனையால் தரை ஓட்டையில் இருந்த துணியை நெம்பி வெளியே இழுத்தார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

"அண்ணே, வெளிய வாங்க."

"தண்ணி நிக்கலம்மா."

"அது போவட்டும். நீங்க மொதல்ல வெளிய வாங்க."

வந்தேன். வந்து நின்ற கொஞ்ச நேரத்தில், சுவரிலிருந்து பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் தளர்ந்தது. சுவரோடு வழிந்தது. பிறகு நின்றது.

ஆரோக்கியம் இறங்கி வந்தார். ரெஞ்சு அவர் கையில் இல்லை. சுடுதண்ணீர் வால்வை அவர் தொடவே இல்லை. தொட்டியிலிருந்து சோலாருக்குப் பச்சைத் தண்ணீர் போகும் வால்வு புதியது, கையாலேயே திரும்பியது. அதை மூடியிருந்தார்.

"சுடுதண்ணி தானா எறங்காதுபா. பச்சைத் தண்ணி உள்ள போயி தள்ளினாத்தான் அது வெளிய வரும். தள்றதை நிறுத்திட்டேன்" என்றார்.

நான் கத்தியது அவர் காதில் விழாமல் இல்லை. கேட்டுவிட்டுத்தான் செய்யாமல் விட்டார். நான் சொன்னபடி அவர் அந்த வால்வோடு மட்டும் போராடிக்கொண்டிருந்தால், அன்றைக்குத் தொட்டியில் இருந்த ஆயிரம் லிட்டரும் அந்த வீட்டுக்குள் இறங்கியிருக்கும். கூட வேலை செய்கிறவன் அவசரத்தில் கத்தும்போது, அவன் சொல்வதைச் செய்வதா, அவனுக்கு வேண்டியதைச் செய்வதா என்று யோசிக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ள ஒரு மனது வேண்டும். எனக்கு அது இருந்ததா என்று தெரியவில்லை. அவருக்கு இருந்தது.

குழாயில் தண்ணீர் இல்லை. வசந்தா குடிக்க வைத்திருந்த குடத்தைக் கொண்டுவந்து, ஒரு அலுமினிய அன்னக்கூடையில் ஊற்றி என் கையை அதில் வைக்கச் சொன்னார். அப்போதுதான் வலி வந்தது. நான் கீழே போய்ப் பாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "பாவு எங்கயும் ஓடாது, கைய எடுக்காதீங்க" என்றார். நெஞ்சில் ஈரத்துணியைப் போட்டார். கால் மணி நேரத்துக்குமேல் அப்படியே உட்கார வைத்தார்கள்.

அப்போது நான் கேட்டேன். "கிச்சன்ல சுடுதண்ணியத் தெறந்து பாத்தேனேம்மா. நின்னுருந்துதே."

"அந்தக் குழாய்ல பொங்கல்லேந்தே தண்ணி வராதே அண்ணே. சொட்டிக்கினே இருந்துதுன்னு அடியில மூடி வெச்சிருக்கோம். நீங்க கேக்கலியே."

ஆமாம், கேட்கவில்லை. நான் சோதித்தது நின்ற தண்ணீரை அல்ல. மூன்று மாதமாக வராத தண்ணீரை.

பிறகு கீழே போய்ப் பார்த்தோம். நெய்த பாகம் உருளையில் சுற்றியிருந்ததால் பெரும்பாலும் தப்பியது. நெய்ய வேண்டிய பாவில் ஒரு முழ நீளத்துக்குச் சூடான தண்ணீர் விழுந்து, அரக்குச் சாயம் சந்தன இழைகளில் இறங்கியிருந்தது. யாரும் சொல்லாமலே தெரிந்தது, அது இனி கல்யாணப் புடவை ஆகாது.

தனபால் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். அவர் பாவைத்தான் முதலில் பார்த்தார். பிறகு என் கை, நனைந்த சட்டை. வசந்தா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"தாள் பக்கத்துலதான இருந்துது. அதை இழுத்து மூடியிருக்கலாம் இல்ல?" என்றார் தனபால். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"மேல கரண்ட்டுப் பொட்டி. கீழ குழியில என் காலு. பாவு போனா வேற பாவு போட்டுக்கலாம்."

தனபால் என் பக்கம் திரும்பினார். "எப்படிண்ணே ஆச்சி?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தண்ணீர் நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று நாம் நினைக்கும் நேரம். என்னிடம் தயாராக மூன்று பதில்கள் இருந்தன. சோலார் போட்டவர்கள் யாரிடமும் சொல்லாமல் தனி ஓட்டை போட்டுவிட்டார்கள். சமையலறைக் குழாயை நீங்கள் மூடி வைத்திருந்தீர்கள். மாடி வால்வு உப்புப் பிடித்துக் கிடக்கிறது. மூன்றும் உண்மை. "சோலார் போட்டவங்க…" என்று ஆரம்பித்தேன். ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். 

"ரெண்டு லைன் இருக்குதுன்னு ஆரோக்கியம் மாடியிலேந்து கேட்டாரு. நாந்தான் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றேன்.

தனபால் தலையை ஆட்டினார். "ஆஸ்பத்திரிக்குப் போங்க. மிச்ச வேலைக்கு நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. நியாயமில்லை என்று சொல்ல வழியில்லை. கல்யாண வீட்டுக்கு வேறு தறியிலிருந்து புடவை போனது. என்னால் ஆன நஷ்டத்தை நான் ஏற்றுக்கொண்டேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு நான் அங்கே போனேன். ஜக்காடு பெட்டியைப் பார்க்க எலக்ட்ரீசியன் ஒருவர் வந்திருந்தார். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பெட்டி காயும் வரை மெயினைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்கு டெஸ்டரோடு போய் ஒரு பிளக்கில் அதை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"லைட் எரியலைன்னா கரண்ட் இல்லைன்னும் அர்த்தம் இருக்கும். என் டெஸ்டர் செத்துப்போச்சின்னும் அர்த்தம் இருக்கும். அதனால மொதல்ல கரண்ட் இருக்கற எடத்துல வெச்சி, எரியுதான்னு பாத்துடுவேன். அப்புறம் இங்க வெச்சி, எரியலைன்னா நம்புவேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் வால்வை மூடுவதற்கு முன்னால் குழாயைத் திறந்து, தண்ணீர் வருவதைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் ஒரு தடவை, சுடுதண்ணீர் ஒரு தடவை. ஓடுகிற குழாயைத் திறந்தே வைத்துவிட்டு மாடியில் மூடச் சொன்னேன். ஓடினது கண்முன்னால் நின்றால்தான் நின்றது. வராத குழாயை வைத்து நான் எதையும் முடிவுசெய்யவில்லை. மிக்சர் உடைந்து திறக்க வராவிட்டால், அந்த லைனில் வேறொரு குழாய் தேடினேன். அதுவும் இல்லாவிட்டால் நட்டை அரைச் சுற்றில் நிறுத்தி, கசிவு ஓயும் வரை காத்திருந்தேன். ஓயாவிட்டால் திரும்ப இறுக்கினேன்.

இப்போது வரும் வீடுகளில் கீசர், சோலார், பிரஷர் பம்ப் மூன்றும் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. சில வீடுகளில் கேஸில் சுடவைக்கும் பெட்டியும் சேர்ந்துகொண்டது. குழாயைத் திறந்ததும் பம்ப் தானாக ஓடும், பெட்டி தானாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் கரண்டையும் கேஸையும் நிறுத்துங்கள். வேலை முடிந்தபின் சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் நிறைந்து வரும்வரை கீசரைப் போடாதீர்கள். இதெல்லாம் பெட்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்பது. எந்தக் குழாய் வேலை செய்யாது, எந்தப் பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு நிமிஷம் ஆகும்.

ஒன்றரை மாதம் கழித்து வசந்தா எனக்குப் போன் செய்தார். குளியலறையில் சுடுதண்ணீர்ப் பக்கத்தை அடைத்துவைத்து, பக்கெட்டில் தண்ணீர் மொண்டு குளித்துக்கொண்டிருந்தார்களாம். வேறு ஆள் ஒருவர் வந்து, சோலாரைப் பார்த்துவிட்டு, மொத்த லைனையும் உடைத்து மாற்ற வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டாராம்.

"எங்க வீட்டுக்காரரு உங்களக் கூப்பிட வேணாம்னாரு. இந்த வீட்ல எந்த வால்வு எதுக்குன்னு இப்ப உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு நான் சொன்னேன். வாங்க" என்றார்.

போனோம். தனபால் வாசலில் நின்று, வாங்க என்று மட்டும் சொன்னார். ஆரோக்கியம் மாடிக்குப் போனார். உப்புப் பிடித்த வால்வை முதலில் மாற்றினோம். பிறகு சமையலறைச் சுடுதண்ணீருக்கு அடியில் மூடியிருந்ததையும் சேர்த்து எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிட்டு, ஒவ்வொன்றாக மூடச் சொல்லி, ஒவ்வொன்றும் நிற்பதைப் பார்த்தேன். மெயினைத் தொடாமல், ஜக்காடுக்குப் போகும் சுவிட்சை மட்டும் நிறுத்தலாமா என்று கேட்கக் கீழே போனேன். வசந்தா தறியில் புதிய பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் நட்டைக் கழட்டற வரைக்கும் சுவிட்சை நிறுத்திட்டு, கொஞ்சம் எழுந்து வெளிய இரும்மா."

"மூடிட்டீங்களா?"

"மூடிட்டோம்."

"ஓடிக்கினு இருந்து நின்னுதா?"

"நின்னுது. பாத்தேன்."

"அப்ப நான் எதுக்கு எழுந்திருக்கணும்?" என்றார்.

மேலே போனேன். சுடுதண்ணீர்ப் பக்கத்தில் ரெஞ்சைப் போட்டு அரைச் சுற்று விட்டேன்.  கசிவு ஒன்றும் இல்லை. இன்னும் அரைச் சுற்று விட்டேன். கீழே அவர் நெய்துகொண்டிருந்தார்.